காலித் தராசு

புதன்கிழமைச் சந்தையில் அந்தம்மாவுக்குக் காய் விற்கப் பயப்படாத வியாபாரி கிடையாது. தக்காளியைப் பொறுக்கிக் கூடையில் போட்டபின், நிறுக்கப் போகிறவனைக் கையமர்த்தி நிறுத்துவார். "பையா, பெஹ்லே காலி தராஸு உட்டாவோ." முதலில் வெறும் தராசைத் தூக்கிக் காட்டு என்று அர்த்தம். அவன் தூக்க வேண்டும். இவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு தட்டும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். முள் ஆடி அடங்கின பிறகுதான் தக்காளி ஏறும். பின்னால் நிற்கிறவர்கள் "ஜல்தி கரோ பெஹன்ஜி", சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுப்பார்கள். என் மனைவி இவரோடு சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். "அவங்க கூடப் போனா வாங்குறதுக்குள்ள வெண்டைக்காய் முத்திப்போயிருதுங்க" என்பாள்.

நாங்கள் தில்லியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் அடுத்த பிளாக். இருவருக்கும் ஒரே ஆபீஸ். போலீஸும் கோர்ட்டும் அனுப்புகிற சாமான்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கிற சர்க்கார் ஆய்வுக்கூடம் அது. நான் அறிக்கைப் பிரிவில் தலைமை குமாஸ்தா. அவர் மேல்மாடியில் மரபணுப் பிரிவின் விஞ்ஞானி. எனக்கு மதுரைப் பக்கம், அவருக்குப் பாளையங்கோட்டை. ஆபீஸில் நாலு பேர் இருந்தால் நான் அவரை மேடம் என்பேன். காலையில் சார்ட்டர்ட் பஸ்ஸில் ஏறிவிட்டால் நான் அவருக்கு அண்ணாச்சி, அவர் எனக்குத் தங்கச்சி.

சந்தேகப் பிராணி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "சந்தேகம் இல்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்லாதத மொதல்ல பாக்கேன். ஒண்ணுமில்லாதது ஒண்ணுமில்லாம இருந்தாத்தான, இருக்கிறத நம்ப முடியும்?" என்பார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பார். தனக்குச் சரியாகக் காட்டினால்தான் அதைக் கழுவி மகளுக்கு. அந்தப் பெண் சுருண்டு படுத்தபடி "மம்மி, ஜல்தி பாரேன்" என்று அழும். கல்யாண வீட்டுப் பந்தியில் வெறும் சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் சாம்பாருக்கு இலையைக் காட்டுவார். அவர் வீட்டுக்காரர் பாங்க்கில் வேலை, லக்னோவுக்கு மாற்றலாகி மாதம் ஒருமுறை வருவார். அவரும் பாவம், கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து இவர், முதலில் காலிங்பெல்லை அமுக்குங்கள், அது வேலை செய்கிறதா பார்க்கலாம் என்பார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் அளக்கிற படியையும் அளக்கச் சொல்கிற ஜாதி.

இதெல்லாம் வீட்டோடு இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆபீஸில் இதனால் கெட்ட பெயர் எனக்கு. ரசாயனப் பிரிவில் அறிக்கை இட்லி மாதிரி வெந்து இறங்கும். இவர் பிரிவில் ஒவ்வொன்றும் பிரசவம். கோர்ட்டிலிருந்து நினைவூட்டல் என் மேஜைக்குத்தான் வரும். நான் மாடி ஏறிப் போய் நிற்பேன். அவர் வரிசையாகச் சின்னக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருப்பார். கடைசிக் குழாயில் ஒன்றும் இருக்காது, வெறும் தண்ணீர்.

"இது எதுக்கும்மா தண்டத்துக்கு?"

"உங்க ஜெராக்ஸ் மெஷின் மாதிரித்தான் அண்ணாச்சி இந்த மெஷினும். துளியூண்டு மரபணுவக் கொடுத்தா லட்சம் நகல் எடுத்துரும். ஆனா கண்ணாடியில ஒரு தூசி ஒட்டியிருந்தா? அந்தத் தூசியும் லட்சமாகும்லா? தண்ணிக் குழாயில ஒண்ணும் வரலைன்னா தூசி இல்லைன்னு அர்த்தம்."

ஜெராக்ஸ் கண்ணாடியில் ஒட்டின தூசி எத்தனை காகிதத்தில் கரும்புள்ளியாக விழும் என்பது எனக்குத் தெரியும். அதனால் புரிந்தது.

கஞ்சாச் செடி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மலைப்பக்கத்தில் அதே செடியை நாருக்கும் விதைக்கும் வளர்க்கிறார்கள். தண்டை உரித்துக் கயிறு திரிப்பார்கள். விதையை வறுத்துத் துவையல் அரைப்பார்கள். அதில் போதை பேருக்குத்தான் இருக்கும். போதைக்கென்றே வளர்கிற வகை வேறு. பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை போல. புதிதாகப் பறித்ததென்றால் ரசாயனப் பரிசோதனையே வித்தியாசம் சொல்லிவிடும். போலீஸ் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து பூஞ்சணம் பிடித்து வரும் சருகில் அது தடுமாறும். அங்கேதான் இவர் வருவார். சருகை அரைத்து, மரபணுவைப் பிரித்து, நகல் எடுத்து, ஜெல்லி மாதிரி ஒரு வில்லையில் மின்சாரம் வைத்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் வைத்தால் கோடுகள் தெரியும். ஒரு கோடு எந்தக் கஞ்சாச் செடியிலும் வரும். அதற்குப் பொதுக்கோடு என்று பேர் வைத்திருந்தார். இன்னொன்று போதை வகையில் மட்டும் வரும். அது போதைக்கோடு. சட்டம் இந்த வித்தியாசத்தை எவ்வளவு மதிக்கும் என்பது வக்கீல்கள் பாடு. ஆனால் உள்ளே கிடக்கிறவனுக்கு அந்த ஒரு கோடுதான் உயிர்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மலைக்காரனின் வழக்கு வந்தது. தில்லியில் யார் வீட்டிலோ சமையல் வேலை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு மூட்டை கொண்டுவந்திருக்கிறான். பஸ் நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். கயிறு திரிக்கத் தண்டு, துவையலுக்கு விதை என்று அவன் சொல்ல, கஞ்சா என்று போலீஸ் சொல்ல, பனைமரத்தடியில் பாலைக் குடித்தவன் கதைதான். எந்த வகை என்று கோர்ட் எங்களைக் கேட்டது.

அவன் மனைவி எங்கள் கேட்டுக்கு வர ஆரம்பித்தாள். மூக்கில் பெரிய வளையம், ஆண்பிள்ளை ஸ்வெட்டர். காவலாளி உள்ளே விடமாட்டான், வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருப்பாள். நான் சாயா குடிக்க வெளியே வந்தால் எழுந்து நிற்பாள். "பாபுஜி, ஹோ கயா?" ஆயிற்றா என்று கேட்பாள். "அபி நஹி", இன்னும் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி, பிறகு அவள் கண்ணில் படாமல் இருக்க நான் சாயாவையே விட்டுவிட்டேன்.

ஹோலி முடிந்து ஆபீஸ் திறந்த வாரம் அவன் மூட்டையிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்தார்கள். போதைக்கோடு வந்துவிட்டது. டைரக்டருக்குத் திருப்தி. அறிக்கையைத் தட்டச்சு செய்யச் சொல்லி எனக்கு போன். நானும் தாளைச் செருகிவிட்டேன். அந்தம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

காரணம், காலிக் குழாய். அதிலும் அதே கோடு, மங்கலாக, ரேகை மாதிரி.

அந்த வருஷம் அவர் காலிக் குழாயில் ஒரு மாற்றம் செய்திருந்தார். தீபாவளி சமயம் வீட்டில் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்திருக்கிறார். முந்தின நாள் அதில் பூண்டுப்பொடி அரைத்தது. நன்றாகக் கழுவியும் சட்னியில் பூண்டு வாடை. "அன்னைக்குப் பூரா எனக்கு வேலை ஓடல அண்ணாச்சி. தண்ணியத்தான நான் சோதிக்கேன், அரைக்கிற கல்வத்தச் சோதிக்கலியே" என்று பஸ்ஸில் புலம்பினார். அதிலிருந்து, சருகை அரைக்கும் முன் வெறும் பீங்கான் கல்வத்தில் ஒன்றும் போடாமல் குழவியைச் சுற்றி, அதைக் கழுவின நீரைத்தான் காலிக் குழாயில் எடுப்பார். ஒன்றுமில்லாததை உட்கார்ந்து அரைக்கிற பெண்பிள்ளையைப் பார்த்து மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது அந்த ஒன்றுமில்லாதது கோடு காட்டுகிறது.

தண்ணீரைக் கொட்டினார். புதுத் தண்ணீர். ரசாயனங்களைக் கொட்டினார். புதுப் பாட்டில்கள். மறுபடி அரைத்தார், மறுபடி கோடு. நடுவே கரண்ட் போய் ஒருநாள் வேலை மொத்தமும் வீண். ஒவ்வொரு தடவைக்கும் மாதிரியில் ஒரு சிட்டிகை செலவு. கடைசியில் மூக்குப்பொடி அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. ஒரு தடவைக்குக் காணும், அதற்கு மேல் கிடையாது. கோர்ட்டில் அடுத்த திங்கட்கிழமை வாய்தா.

டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். நான் ஃபைலோடு ஓரமாக நின்றேன். "மாதிரியில் கோடு பளிச்சென்று இருக்கிறது, காலியில் மங்கல்தானே, எழுதிக்கொடுங்கள்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, மேலேயிருந்து அவருக்கும் குடைச்சல்.

"மங்கல்னாலும் கோடு கோடுதான் சார்" என்றார் இவர் இங்கிலீஷில்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இப்படியே போனா மாதிரியும் தீந்துரும், வாய்தாவும் போயிரும். அந்தப் பொம்பள அங்கிட்டு ரோட்டுல உக்காந்திருக்கா. நெனைச்சா உனக்குப் பாவமா இல்லையா?"

"அவள நெனச்சுத்தான் அண்ணாச்சி கையே ஓடமாட்டேங்கு." அன்று மாலை பஸ்ஸில் ஏறும்போது டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி திறந்து பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. இந்தம்மாவுக்கு மூளை பிசகிவிடுமோ என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் அலமாரியிலிருந்து எல்லாக் கல்வங்களையும் இறக்கி மேஜையில் பரப்பிவிட்டார். மாதிரியைத் தொடவில்லை. ஒவ்வொரு கல்வத்திலும் ஒன்றுமில்லாததை அரைத்தார். எல்லாவற்றையும் ஓடவிட்டார். எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர. தினமும் உபயோகிக்கிற பெரிய கல்வம். உள்ளே மயிரிழையாக ஒரு விரிசல். யார் தொட்டது, எதற்குத் தொட்டது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் கையை விரித்தார்கள். சரியென்று அதைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டியில் போட்டு உடைக்கப் போனபோதுதான் எங்கள் லேப் அட்டெண்டர் பண்டிட்ஜி ஓடிவந்து கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"மத் தோடியே மேடம்! ஹோலி கா ஹை!"

உடைக்காதீங்க, அது ஹோலிக் கல்வம் என்கிறார். பண்டிட்ஜிக்கு மதுரா. ஹோலிக்கு முந்தின நாள் ஆபீஸ் பூராவுக்கும் தண்டாய் அவர் கைங்கரியம். பால், பாதாம், சோம்பு, அதோடு அவர் ஊர் லைசென்ஸ் கடைப் பாங்கு இலை, அதாவது போதை வகைக் கஞ்சா இலை. அத்தனை பேருக்கும் நைசாக அரைக்க ஏற்ற பாத்திரம் என்று இந்தப் பெரிய கல்வத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். தமிழ்க் குடும்பங்கள் ஹோலி என்றால் கதவைத் தாழிட்டுக்கொள்கிற ரகம். இந்தம்மா இரண்டு நாள் முன்னாலேயே லீவு போட்டுவிடுவார். அவருக்கு இது தெரிய வழியே இல்லை. தண்டாய் குடித்த எனக்கும் எதில் அரைத்தது என்று தெரியாது. ஏலக்காய் தூக்கல் என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவித்தான் மேடம் வெச்சேன்" என்று பண்டிட்ஜி பரிதாபமாகச் சொன்னார்.

விஷயம் பரவி ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. மலைக்காரன் மூட்டையில் போதை இருக்கிறதோ இல்லையோ, டைரக்டர் வயிற்றில் இருந்தது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு பண்டிட்ஜியிடம் கேட்டார்:

"இஸ் சால் ஹி?" இந்த வருஷம் மட்டும்தானா என்று.

"நஹி மேடம். ஹர் சால்." வருஷா வருஷம் இதில்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஏன் என்று விளங்கவில்லை.

புதுக் கல்வம் வாங்கி வந்தார்கள். மிச்சமிருந்த அந்தச் சிட்டிகையை ஒரே தடவையில் போட வேண்டும். கரண்ட் போகக்கூடாது என்று பண்டிட்ஜி எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றார். நான் என் வேலையை விட்டுவிட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது முதலில் காலிக் குழாயின் இடம். ஒன்றுமில்லை, சுத்த இருட்டு. அடுத்தது மாதிரி. பொதுக்கோடு பளிச்சென்று நின்றது. போதைக்கோடு வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அது நார் வகைதான். முன்பு அதில் பளிச்சென்று தெரிந்தது, சருகு உரசி விரிசலிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த பாங்கு. அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் தட்டச்சு செய்த அறிக்கைகளில் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தது அன்றைக்குத்தான்.

மலைக்காரனுக்கு ஜாமீன் கிடைத்தது. அவன் மனைவி கேட்டுக்கு வந்து இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள். நான் மறுபடி சாயா குடிக்க ஆரம்பித்தேன்.

அன்று பஸ்ஸில், "என்னம்மா, இப்பவாச்சும் நிம்மதியா?" என்றேன்.

"போன வருஷம் நான் கல்வத்த சோதிக்கலியே அண்ணாச்சி" என்றார். "வெறும் தண்ணியத்தான வெச்சேன். போன ஹோலி கழிஞ்சதும் ஒரு அறிக்கை போச்சு. போதை வகைன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருந்த ஒருவன். கடைப் பலகைக்கு அடியில் மூட்டை கிடந்தது. தண்டனையாகி உள்ளே இருந்தான். "அத விடும்மா. அதுல நெசமாவே போதைக்கோடு இருந்திருக்கலாம்ல" என்றேன்.

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"மாதிரிய மறுபடி வாங்கி ஓட்டிப் பாரேன்."

"எரிச்சாச்சு. தீர்ப்பானதும் எரிச்சிருவாங்க."

பிறகு ஒரு மாதம் அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. டைரக்டரிடம் போய், கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்றார். டைரக்டர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். ஒன்றைச் சொன்னால் ஆபீஸின் எல்லா அறிக்கையையும் கேள்வி கேட்பார்கள் என்றார். "கேக்கட்டும் சார்" என்றார் இவர். அந்த டீக்கடைக்காரனின் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. கல்வத்தின் கதையை மறைக்காமல் எழுதி அனுப்பிவிட்டார். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பேர் அந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. லக்னோவிலிருந்து வீட்டுக்காரர் என்னை போனில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்களாவது சொல்லப்பிடாதா?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

கோர்ட்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். "அப்படியானால் அது போதை வகை இல்லையா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றார். "தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?" என்று அரசுத் தரப்பு வக்கீல் மடக்கினார். "அன்னைக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டாலும் அதே பதில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து விட்டுவிட்டார்கள்.

வராந்தாவில் அவன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். ஒல்லியான ஆள். நன்றி சொல்ல வருகிறான் என்று நான் நினைத்தேன். அவன் அந்தம்மாவிடம் தணிந்த குரலில் ஹிந்தியில் கேட்டான்:

"மேடம்ஜி, உண்மையாச் சொல்லுங்க, அதுல இருந்தது என்ன? சாயா குடிக்க வந்தவன் வெச்சிட்டுப் போன மூட்டை. எனக்கே தெரியாது. பெண்டாட்டிகூட இன்னும் நம்பல. உங்களுக்காவது தெரியும்னு நெனச்சேன்."

அந்தம்மா தெரியாது என்று தலையை ஆட்டினார். அவன் படியிறங்கிப் போனான்.

அந்தப் புதன்கிழமை மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று நான் சந்தைக்குப் போனேன். அந்தம்மா தக்காளிக்காரனிடம் நின்றுகொண்டிருந்தார். பழகிய வியாபாரி, கேட்காமலே தராசைத் தூக்கிவிட்டான். "தேக் லோ பெஹன்ஜி, காலி ஹை." தட்டுகள் ஆடி, அடங்கி, முள் நேராக நின்றது. அவர் போடச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ ஜல்தி என்றார்கள். வியாபாரி என்னைப் பார்த்தான்.

நான் பக்கத்தில் போனேன். "என்னம்மா, சமமாத்தான நிக்குது?"

"நிக்கு அண்ணாச்சி" என்றார், கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."